நான் என்று சொல்லும் வேலை

பாராளுமன்றத்தில் வேலை என்றால், யாழ்ப்பாணத்துத் தீவொன்றில் இருக்கிற எங்கள் நாரந்தனையில் எல்லோரும் ஒரே மாதிரித்தான் நினைத்தார்கள். மந்திரிமாருக்குப் பக்கத்தில் கதிரை போட்டு இருந்து, அவர்களோடு தேத்தண்ணி குடிக்கிற வேலை. நான் லீவில் ஊருக்கு வந்து சேர்ட்டைக் கழற்ற முதல் ஒருவர் மகனுக்கு இடமாற்றம் கேட்டு வந்து நிற்பார். "என்ர கையில ஒண்டுமில்லை ஐயா" என்று சொன்னால், "தம்பிக்கு இப்ப பெருமை வந்திட்டுது" என்று படலையைத் தாண்ட முதலே சொல்லிக்கொண்டு போவார். எனக்குச் சின்ன வயதிலிருந்தே மூக்கு நுனியில் கோபம். அம்மா என் கையைப் பிடித்து உள்ளே இழுத்துக்கொண்டு போவா.

மந்திரிமாரை நாங்கள் எங்கள் கண்ணாடி அறைக்குள் இருந்து பார்ப்பதோடு சரி. எங்களுக்கு வேண்டிய செய்தி சபைக்குள் இருக்கவில்லை. ஊழியர்கள் தேத்தண்ணி குடிக்கும் அறைக்குப் பக்கத்து நடையில் பச்சைத் துணி அடித்த ஒரு பலகை தொங்கியது. எந்தப் பதவி காலியாகிறது, எந்தப் பரீட்சை எப்போது, வெளிநாட்டுப் பயிற்சிக்கு யார் போகலாம், யாருடைய தகப்பன் செத்துப்போனார் எல்லாம் அதில்தான் வரும். காலையில் கந்தோருக்கு வந்தால் முதலில் அந்தப் பலகைக்கு முன்னால் போய் நிற்போம். ஐம்பத்தாறில் சிங்களம் மட்டும் என்று சட்டம் வந்த பிறகு தமிழ் ஊழியர்களுக்கு ஒரு பழக்கம் வந்துவிட்டது. அறிவித்தலைக் கீழிருந்து மேலாக வாசிப்போம். கடைசி வரியில் சிங்களப் பரீட்சை சித்தியடைந்திருக்க வேண்டும் என்று இருந்தால், மேலே என்ன எழுதியிருந்தாலும் எங்களுக்கு அது இழவு அறிவித்தல்தான். வாசிக்காமலே திரும்பிவிடுவோம்.

தமிழன் இல்லாமல் ஓடாத வேலை ஒன்றே ஒன்றுதான் அங்கே இருந்தது. சபையில் சிங்களத்தில் பேசுவதை அந்தக் கணமே தமிழில் சொல்லும் வேலை. அதைத்தான் நான் செய்தேன். அப்பா செத்த பிறகு பெரியப்பா என்னைத் தென்பகுதியில் இருந்த தன் கடைக்குக் கூட்டிக்கொண்டு போனார். கடைப் பெட்டியடியில் நின்று, வந்து போகிற சனங்களின் வாயிலிருந்து நான் சிங்களம் படித்தேன். எழுத்துக் கூட்டி வாசிக்கத்தான் தடுமாறுவேனே தவிர, காதால் கேட்டால் ஒரு சொல் தப்பாது. நேர்முகத்தில் என்னைப் பேச வைத்துப் பார்த்தார்கள், எடுத்துக்கொண்டார்கள்.

சபையின் ஒரு பக்கச் சுவரில் கண்ணாடி போட்ட ஒரு சின்ன அறை. உள்ளே இரண்டு பேர் மாறி மாறி இருப்போம். சத்தம் போடும் என்று விசிறி வைக்க மாட்டார்கள். வெளியே காலிமுகக் கடல் காற்று அள்ளி வீசும், உள்ளே நாங்கள் வேர்வையில் குளிப்போம். நான் மைக்கில் சொல்வது தமிழ் எம்.பி.மாரின் காதில் மாட்டிய கருவிக்குப் போகும். மேலே கலரியில் வேடிக்கை பார்க்க வருகிறவர்களுக்கும் சில கதிரைகளில் அந்தக் கருவி உண்டு.

அந்த வேலைக்கு ஒரு சட்டம். "அவர் சொல்கிறார்" என்று சொல்லக் கூடாது. அவர் "நான்" என்றால் நானும் "நான்". அவர் "நாங்கள்" என்றால் நானும் "நாங்கள்". அவர் கோபப்பட்டால் என் குரலிலும் கோபம் வர வேண்டும், கெஞ்சினால் கெஞ்ச வேண்டும். உம்முடைய அபிப்பிராயத்தைக் குடையோடு சேர்த்து வெளியே வைத்துவிட்டு வாரும் என்று எங்கள் தலைமை உரைபெயர்ப்பாளர் முதல் நாளே சொல்லிவிட்டார். நாளடைவில் அது பழகிவிட்டது. சிங்களத்திலும் தமிழிலும் வசனம் ஒரே மாதிரித்தான் போகும் என்றபடியால், ஒருவர் தமிழரைத் திட்டத் தொடங்கினால் அது என் வாயால் தங்குதடையில்லாமல் வந்தது. இதை நினைத்து எனக்கே அருவருப்பாக இருந்த நாட்களும் உண்டு.

எனக்கு ஒரே ஒரு தங்கச்சி. அவளுக்கு மாப்பிள்ளை சொந்தத்துக்குள்ளேயே அமைந்தது. பக்கத்து ஊர் புளியங்கூடலில் அம்மாவுக்கு ஒன்றுவிட்ட அண்ணன் ஒருவர் இருந்தார், எங்களுக்கு மாமா முறை. புகையிலைத் தோட்டம், வயல், கோயில் காரியங்களில் முதல் குரல் எல்லாம் அவருக்கு இருந்தது. அவருடைய மகன் ரயில்வேயில் கிளாக்கராக தென்பகுதி ஸ்டேசன் ஒன்றில் இருந்தான். அமைதியான பொடியன். தங்கச்சிக்கு அவனைப் பிடித்திருந்தது. வாய் திறந்து சொல்லவில்லை, ஆனால் புளியங்கூடல் பக்கமிருந்து ஒரு சைக்கிள் வந்தால் குசினிக்குள் கையில் இருந்தது கீழே விழும். நாள் பார்ப்பது ஒன்றுதான் மிச்சம்.

அந்த நேரம் பார்த்து மாமா கொழும்புக்கு வந்தார். மருமகளின் அண்ணன் வேலை செய்யும் இடத்தைப் பார்க்க வேண்டும் என்றார். எனக்கும் உள்ளுக்குள் பெருமைதான். அனுமதிச் சீட்டு எடுத்துக் கொடுத்து, கலரியில் நல்ல இடத்தில் இருத்தி, காதில் கருவியை மாட்டிவிட்டேன்.

"நான் அந்தக் கண்ணாடிக்குள்ள இருப்பன் மாமா. நான் கதைக்கிறது உங்களுக்குக் கேக்கும்."

"ஓம் ஓம், நீர் போம். நேரம் போகுது" என்றார். வெள்ளை வேட்டி சால்வையோடு நிமிர்ந்து இருந்தார்.

அந்தக் கோதாரி விழுந்த நாளில் யார் எழும்பக் கூடாதோ அந்த மனிதர் எழும்பினார். பின்வரிசை எம்.பி. ஒருவர். எழும்பினால் தமிழரைப் பேசாமல் இருக்க மாட்டார். கடைகளைப் பிடித்துவிட்டார்கள், கந்தோர்களைப் பிடித்துவிட்டார்கள் என்று தொடங்கி, சபை முழுவதும் கத்திக்கொண்டிருக்க, தானும் கத்தினார். என் முறை. நான் சொன்னேன்:

"நாங்கள் இவர்களுக்கு இடம் கொடுத்தோம். இன்று எங்கள் தலையில் ஏறி நிற்கிறார்கள். நான் இந்தச் சபையில் பகிரங்கமாகச் சொல்கிறேன். தமிழ் வேண்டுமென்றால் கடலைத் தாண்டிப் போகட்டும். போக மாட்டோம் என்றால் போக வைக்க எனக்குத் தெரியும்!"

நிமிர்ந்து பார்த்தபோது கலரியில் மாமாவின் கதிரை வெறுமையாக இருந்தது. கருவி கயிற்றில் தொங்கிக்கொண்டிருந்தது.

அவர் பார்த்தது என்ன என்பதை நான் பிறகு எத்தனையோ தரம் யோசித்துப் பார்த்திருக்கிறேன். மாமாவுக்குச் சிங்களத்தில் ஒரு சொல்லும் தெரியாது. கீழே ஒரே கூச்சல். அங்கே யார் பேசுகிறார், யார் ஏசுகிறார் என்று மேலே இருக்கிறவருக்கு விளங்காது. கண்ணாடிக்குள் எங்கள் வீட்டுப் பொடியன் இருக்கிறான். முகம் சிவந்து கையை வெட்டி வெட்டிப் பேசுகிறான். அவனுடைய குரல், எங்கள் தீவுப் பேச்சின் சாயலோடு, அவருடைய காதுக்குள் "நான், நான்" என்று சொல்கிறது. நான் கதைப்பது கேட்கும் என்று நானே அல்லவா சொல்லி அனுப்பினேன்!

நான் தங்கியிருந்த அறைக்கு அவர் வரவில்லை. நேரே கோட்டை ஸ்டேசனுக்குப் போய் ரயில் ஏறிவிட்டார். புளியங்கூடலில் இறங்கியதும் இறங்காததுமாக, கோயில் வீதியில் கூடி நின்றவர்களுக்குச் சொல்லிவிட்டார். "சம்பளத்துக்காகத் தமிழனைக் கடலுக்குள்ள தள்ளச் சொல்லிப் பேசுறான். என்ர ரண்டு காதாலும் கேட்டனான்." அந்தக் கதை ஒரே நாளில் ஊர்காவற்றுறைக்கும் போய், நாரந்தனைக்கும் வந்து, எங்கள் வீட்டு வாசலில் ஏறியது. அம்மா கிணற்றடிக்குப் போக வெட்கப்பட்டா. கலியாணப் பேச்சு நின்றுபோனது.

இங்கே கொழும்பில் என்ன நடந்தது தெரியுமோ? அதே கிழமை அந்த எம்.பி. நடையில் என்னைக் கண்டு கையைப் பிடித்துக் குலுக்கினார். தன் பேச்சைத் தமிழ் ஆட்களின் முகத்தில் பார்த்தாராம். ஒவ்வொரு சொல்லும் போய்ச் சேர்ந்த இடம் தெரிந்ததாம். "நல்ல தமிழ்" என்று முதுகில் தட்டினார். அவர் போன பிறகு அந்தக் கையைக் கழுவிவிட்டு வந்தேன். அடுத்த சில நாட்களில் பச்சைப் பலகையில் ஒரு அறிவித்தல் ஏறியது. தலைமை உரைபெயர்ப்பாளருக்கு அடுத்த நிலையில் ஒரு மூத்த பதவி வருகிறது. வழக்கம்போலக் கீழிருந்து வாசித்தேன். கடைசி வரி என்னைத் தடுக்கவில்லை. தலைமையே என்னைக் கூப்பிட்டு, "விண்ணப்பியும், வேற ஆருக்குக் குடுக்கிறது?" என்றார். குடும்பத்தோடு கொழும்பில் இருக்கலாம், அம்மாவைக் கூட்டி வரலாம். தமிழனுக்கு அந்தக் காலத்தில் அப்படி ஒரு கதவு திறந்ததே பெரிய காரியம்.

விண்ணப்பத்தை எழுதாமல் லீவு போட்டுக்கொண்டு ஊருக்குப் போனேன். யாழ்ப்பாணத்தில் பஸ் மாறி, வீட்டுக்கும் போகாமல், நேரே புளியங்கூடல். மாமா மாட்டுக் கொட்டிலடியில் நின்றார்.

"மாமா, அது என்ர கதையில்லை. கீழ ஒருத்தர் சிங்களத்தில பேசினவர். நான் அதைத் தமிழில சொன்னனான். அவ்வளவுதான்."

"அப்ப ஏன் நான் எண்டு சொன்னனீர்?"

"அப்பிடித்தான் சொல்ல வேணும். அதுதான் சட்டம்."

விளங்கிவிட்டது என்று அவருடைய கண்ணில் தெரிந்தது. மனிதர் முட்டாள் இல்லை. பிழை தன்னுடையது என்று தெரிந்த பிறகுதான் அவர் இன்னும் இறுகினார். கோயில் வீதியில் நின்று சொன்னதை எப்படித் திரும்ப எடுப்பது?

"ஆற்றையோ கதை எண்டே வைப்பம். உம்மட வாயாலதானே வந்தது? ஒரு சொல்லை விழுங்கியிருக்க ஏலாதோ?"

"விழுங்கினா எங்கட எம்.பி.மாருக்கு என்ன பேசினாங்கள் எண்டு தெரியாமப் போகும் மாமா! பதில் சொல்ல வேண்டாமோ அவையள்?"

"உமக்கு நியாயம் இருக்கு. எனக்கு ஊர் இருக்கு" என்றார். பிறகு மாட்டைத் தடவிக்கொண்டே சொன்னார். "அந்த வேலையை விட்டிட்டு வாரும். விட்டவன் எண்டு நாலு பேருக்குத் தெரியட்டும். நான் பிள்ளையை எடுக்கிறன். இல்லாட்டி ஏலாது."

அவரைப் பிடித்து உலுக்க வேண்டும் போல வந்த ஆத்திரத்தை என்னவென்று சொல்வது! நடந்தே வீட்டுக்கு வந்தேன். வழி முழுவதும் வாய்க்கு வந்தபடி ஏசிக்கொண்டு வந்தேன். எதிரே வந்த மீன்காரர் சைக்கிளை விட்டு இறங்கி, ஏதும் வருத்தமோ என்று கேட்டார்.

வீட்டில் தங்கச்சி எனக்குச் சாப்பாடு போட்டாள். கலியாணம் பேசி நின்றுபோன பெண்ணை எங்கள் தீவில் வேறொருவன் வந்து கேட்க மாட்டான். அது அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். நான் பதவி அறிவித்தலைப் பற்றிச் சொன்னேன். "எடுங்கோ அண்ணை" என்றாள். அதைச் சொல்லும்போது அவளுடைய முகத்தைப் பார்க்காமல் இருந்திருந்தால் நான் எடுத்திருப்பேன்.

வேலையை விட்டேன். தலைமை என்னை விசரன் என்றார். அரசாங்க உத்தியோகத்தைத் தானாக விட்டவன் என்று தெரிந்தால் வேறு கந்தோர் வாசல் திறக்காது என்றும் சொன்னார். அது உண்மைதான் என்று கொஞ்சக் காலம் கொழும்பில் அலைந்த பிறகு தெரிந்தது. ஊருக்கு வந்து அப்பாவின் காணியில் புகையிலை நட்டேன். தண்ணி இறைக்கிற பட்டைக்கு எட்டாத கிணற்றோடும் உப்புத் தண்ணியோடும் மல்லுக்கட்டினேன். மாமா சொன்ன சொல் தவறவில்லை. கலியாணம் நடந்தது. மணவறையில் அவர் என் தோளில் கைபோட்டு, "மானமுள்ள பிள்ளை" என்று எல்லோருக்கும் கேட்கச் சொன்னார். நான் சிரித்துக்கொண்டு நின்றேன். உள்ளே கொதித்துக்கொண்டிருந்தது.

அடுத்த வருடம் மச்சானின் ரயில்வே வேலை போனது. பேச்சில் சிங்களம் அவனுக்குத் தண்ணிபட்ட பாடு, ஸ்டேசனில் பழகின பாசை. எழுத்துப் பரீட்சையில் மட்டும் திரும்பத் திரும்பத் தவறினான். போதும் வீட்டுக்குப் போ என்று அனுப்பிவிட்டார்கள். புளியங்கூடல் வீட்டில் தகப்பனும் மகனும் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு இருந்தார்கள். தங்கச்சி அப்போது பிள்ளைத்தாய்ச்சி.

அந்த நேரத்தில்தான் என்னோடு வேலை செய்த சிங்கள நண்பன், சுருக்கெழுத்துக்காரன், நயினாதீவு விகாரைக்குக் குடும்பத்தோடு வந்தவன், என்னைத் தேடிக்கொண்டு நாரந்தனைக்கும் வந்தான். வெற்றுக் காலோடு தோட்டத்துக்குள் நின்ற என்னைக் கண்டு அவனுக்குக் கண் கலங்கியது. அவன்தான் செய்தி சொன்னான். என் இடத்துக்கு வந்தவர் தொண்டை கெட்டுப்போய் விலகிவிட்டாராம். பலகையில் அறிவித்தல் போட்டாயிற்றாம். நான் கேட்டால் திரும்ப எடுக்கத் தலைமைக்கு விருப்பமாம். "வா" என்று என் கையைப் பிடித்தான்.

அன்று இரவு கணக்குப் போட்டுப் பார்த்தேன். கலியாணம் முடிந்துவிட்டது. கொடுத்த வாக்குக்கு நான் செய்ய வேண்டியதைச் செய்துவிட்டேன். இனிப் போனால் யார் என்ன செய்ய முடியும்? மறுநாள் தங்கச்சி அம்மாவைப் பார்க்க வந்தபோது அவளிடம் சொன்னேன். சந்தோசத்தில் சொன்னேன். வேறு யாரிடம் சொல்வேன்? அவள் கேட்டுக்கொண்டிருந்தாள். "எப்ப வரைக்கும் எழுதலாம்?" என்று மட்டும் கேட்டாள். சொன்னேன். பிறகு வெற்றிலையை எடுத்து அம்மாவுக்கு மடித்துக் கொடுத்தாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மாமாவும் மச்சானும் தங்கச்சியும் வந்தார்கள். மாமா இந்தத் தடவை கதிரையின் ஓரத்தில் இருந்தார்.

"தம்பி, பாராளுமன்றத்தில ஏதோ ஒரு வேலை இருக்காம். இவனுக்குப் பாசை தெரியும். எழுத்துப் பரீட்சையும் இல்லையாம். உம்மைவிட ஆருக்கு அந்த வித்தை தெரியும்? கொஞ்சம் பழக்கி விடும்."

நான் தங்கச்சியைப் பார்த்தேன். அவள் குசினி வாசலில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கண்ணைத் தாழ்த்தவில்லை.

என்ன சொல்வது? அவளுடைய பிள்ளைக்குத் தகப்பன், வேலை இல்லாமல் இருக்கிறான். எனக்குப் பெண்சாதி பிள்ளை இல்லை, கிடந்து புகையிலை நடலாம். மச்சானை எனக்கு முன்னால் கதிரையில் இருத்தினேன். பேசிக் காட்ட ஏதாவது வேண்டும். என் வாயில் நின்றது ஒரே ஒரு பேச்சுத்தான். அந்த எம்.பி.யின் பேச்சையே சிங்களத்தில் சொன்னேன். மச்சான் தமிழில் சொல்லத் தொடங்கினான்.

"தமிழ் வேண்டுமென்றால் கடலைத் தாண்டிப் போகட்டும் என்று அவர் சொல்கிறார்..."

"அவர் இல்லை! நான் எண்டு சொல்லும்."

மச்சான் தடுமாறித் தகப்பனைத் திரும்பிப் பார்த்தான். பாவம், அவனுக்குக் கூச்சமாக இருந்தது. அவன் அப்படிப் பார்த்ததற்காகவே, என் இடத்தை எடுக்க வந்ததை நான் மன்னித்தேன்.

"சொல்லன் தம்பி" என்றார் மாமா. "நான் எண்டு சொல்லு. அப்பிடித்தானே அங்க சட்டம்."

அவன் சொன்னான். முதலில் மெல்ல, பிறகு குரல் ஏறியது. போகட்டும் என்றான், போக வைக்க எனக்குத் தெரியும் என்றான். மாமா தொடையில் தாளம் போடுகிற மாதிரித் தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டிருந்தார். முடிந்ததும், "இன்னும் கொஞ்சம் உரத்துச் சொன்னால் வடிவா இருக்கும், என்ன?" என்று என்னைக் கேட்டார். அந்த மனிதருக்குக் கோயில் வீதி முழுவதும் மறந்துபோய்விட்டது. நான் கதிரையை விட்டு எழும்பினேன். நல்லவேளை, தங்கச்சி கோப்பியைக் கொண்டுவந்து என் கையில் திணித்தாள்.

பிறகும் பல ஞாயிற்றுக்கிழமைகள் வந்தான். எனக்குத் தெரிந்த அத்தனையும் பழக்கிவிட்டேன், ஒன்றையும் ஒளிக்கவில்லை. வேலை அவனுக்குக் கிடைத்தது.

கொழும்புக்குப் போகிற அன்று நாரந்தனைச் சந்தியில் அவர்களை பஸ் ஏற்றப் போனேன். மாமாவும் மச்சானும் பெட்டிகளை மேலே ஏற்றிக்கொண்டு நின்றார்கள். தங்கச்சி மட்டும் என் பக்கத்தில் வந்து நின்றாள்.

"அண்ணை, நான்தான் அவையளுக்குச் சொன்னனான்."

"தெரியும்."

"கோவமோ?"

பொய் சொல்ல எனக்கு வரவில்லை. "கோவம்தான்" என்றேன்.

"எனக்கும் என்னில கோவம்தான் அண்ணை" என்றாள். மச்சான் கூப்பிட்டான். சேலையைக் கையில் பிடித்துக்கொண்டு, வயிற்றோடு மெல்ல மெல்லப் படியில் ஏறிப்போய், எனக்கு முகம் தெரியாத மற்றப் பக்கத்துச் சீட்டில் இருந்துவிட்டாள்.